காற்றும் நெருப்பும் வளர்த்த ஊலோங்

தேநீர் என்னும் சொல்லின் முதல் எழுத்தான ‘தே’ தமிழ் அன்று. சீனாவின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஃபூஜியான் மாநிலத்து ஹொக்கியன் மக்கள் தேயிலையை ‘தே’ என்றே அழைத்தனர். கடல்வழி வணிகர்களோடு அந்தச் சொல் பயணப்பட்டது. மலாயில் ‘தே’, ஆங்கிலத்தில் ‘டீ’ எல்லாம் அதுதான். ஊலோங் தேநீரின் தாயகமும் அதே ஃபூஜியான்தான்.

பச்சைத் தேநீர், கறுப்புத் தேநீர், ஊலோங் மூன்றும் ஒரே இனச் செடியிலிருந்து வருபவை. வேறுபாடு பக்குவத்தில் இருக்கிறது. பறித்த இலையை விரைவில் சூடேற்றினால் பச்சை மாறாது. கசக்கி, முழுதும் காற்றுப்பட விட்டால் கறுத்துவிடும். ஊலோங் நடுவில் நிற்பது. வெயிலில் வாட்டிய இலையை மூங்கில் தட்டுகளில் போட்டுக் குலுக்குவார்கள். ஓரம் கன்றிச் சிவக்கும். நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். எப்போது நிறுத்திச் சூடேற்றுவது என்பதைக் கடிகாரம் சொல்லாது, அனுபவசாலியின் மூக்குதான் சொல்லும்.

வடக்கு ஃபூஜியானின் வூயி மலையில், பாறை இடுக்குகளில் வளரும் செடிகளின் இலையைக் கரி நெருப்பில் வாட்டுவார்கள். அடர்ந்த நிறம், வறுத்த மணம், குடித்த பின்னும் தொண்டையில் தங்கும் இனிப்பு ஆகியவை இதன் அடையாளம். இவற்றுள் பெரும்புகழ் பெற்றது ‘தா ஹொங் பாவ்’, அதாவது பெரிய சிவப்பு அங்கி. நோய் தீர்த்த செடிக்கு ஓர் அதிகாரி நன்றியோடு தம் அங்கியைப் போர்த்தினாராம். கதை இருக்கட்டும். அங்கே குன்றின் முகப்பில் ஆறு தாய்ச்செடிகள் இருக்கின்றன. 2006 முதல் அவற்றில் இலை பறிப்பதில்லை. கடைசிப் பறிப்பில் 20 கிராம், 2007இல் பெய்ஜிங்கிலுள்ள சீன தேசிய அரும்பொருளகத்திற்குச் சென்றது. ஆகவே கடையில் இதே பெயரில் கிடைப்பது, அவற்றின் கிளைகளிலிருந்து பெருக்கிய செடிகளின் இலை அல்லது பல பாறைத் தேயிலைகளின் கலவை. அது போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை. தாய்ச்செடியின் இலை என்று சொல்லி விலையைக் கூட்டுவதுதான் ஏமாற்று.

தெற்கே அன்சி வட்டாரத்தின் புகழ் ‘தியே குவான் யின்’. கருணைத் தெய்வமான குவான் யின் பெயரால் வழங்குவது. லேசாகப் பதப்படுத்தினால் ஆர்க்கிட் மலர் மணம், நன்றாக வாட்டினால் வறுத்த கொட்டையின் சுவை. சிங்கப்பூர், மலேசியா ‘பாக் குட் தே’ கடைகளில் சின்னஞ்சிறு கோப்பைகளில் இதை அடிக்கடி காணலாம்.

அன்சியின் செடிகள் நீரிணையைக் கடந்து தைவானுக்கும் போயின. 1860களில் ஜான் டாட் என்ற பிரிட்டிஷ் வணிகர் அவற்றை வரவழைத்துப் பயிரிட ஊக்குவித்தார். 1869இல் ‘ஃபார்மோசா ஊலோங்’ நியூயார்க்கிற்குக் கப்பலேறியது.

தைவானின் ‘கிழக்கத்திய அழகி’ இன்னும் விந்தையானது. சிறு தத்துப்பூச்சிகள் கடித்த தளிரே இதற்கு வேண்டும். கடிபட்ட இலை தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களால்தான் தேனும் பழுத்த கனியும் கலந்த மணம் வருகிறது. பூச்சி வந்தால்தான் வருமானம் என்பதால், அந்தத் தோட்டங்களில் கோடையில் பூச்சிமருந்து தெளிப்பதில்லை.