பத்து ஆராங்: செங்கல்லில் நிலைத்த சுரங்க வரலாறு

செலாயாங் நகராண்மைக் கழகத்தின் நிர்வாகத்தில் உள்ள பத்து ஆராங், ஒரு காலத்தில் மலாயாவின் முதன்மையான நிலக்கரிச் சுரங்க நகரமாகும். மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல், 'ஆராங்' என்றால் கரி.

1915-இல் மலாயன் கோலியரீஸ் நிறுவனம் இங்கு நிலக்கரி வெட்டத் தொடங்கியது. இரயில்களும் ஈயச் சுரங்கங்களும் பங்சார் மின் நிலையமும் இந்த நிலக்கரியை நம்பியிருந்தன. சீனர்களுடன் தமிழர்களும் இங்கு உழைத்தனர்.

நிறுவனம் செங்கற்சூளையும் நடத்தியது. நகரின் பழைய கடைவீடுகள் உள்ளூர்ச் செங்கல்லால் எழுந்தவை. முன்புறத்தில் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க நடைபாதை உண்டு.

1937 மார்ச்சில் ஊதிய உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் சுரங்கத்தைக் கைப்பற்றினர். போலீசார் அதை ஒடுக்கினர். எண்ணெய்ப் பயன்பாடு பெருகியதால் 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது.

சூளையின் புகைபோக்கியும் கடைவீடுகளும் இன்றும் நிற்கின்றன. அந்தத் தொழிலாளர்களின் உழைப்புக்குக் கண்முன் எஞ்சியுள்ள சாட்சிகளில் இவையும் அடங்கும். இவை இடிந்தால் அந்தச் சாட்சியும் போய்விடும்.