தோல்விக்குப் பின் ஒரு குழு: இந்திய ராக்கெட் திட்டங்களில் தலைமை வளர்ந்த விதம் (1979–2023)

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3, ஐந்து நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து வங்கக் கடலில் விழுந்தது. முதல் கட்டம் பிழையின்றி எரிந்தது. இரண்டாம் கட்டத்தில்தான் கட்டுப்பாடு போயிற்று. அந்தக் கட்டத்தின் திசையைச் சீர்செய்யும் அமைப்பில் ஒரு வால்வு மூடாமல் நின்றுவிட, ராக்கெட் தரையை விட்டுக் கிளம்புமுன்பே நைட்ரிக் அமிலம் கசியத் தொடங்கியிருந்தது என்று பின்னர் தெரிந்தது. பல ஆண்டுகள், பல நூறு பேரின் உழைப்பு ஒரு வால்வினால் கடலில் மூழ்கியது.

அன்று செய்தியாளர்களின் முன் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவன் தாமே அமர்ந்தார். திட்ட இயக்குநர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாமை அந்தக் கேள்விகளுக்கு ஆளாக்கவில்லை. 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, செய்தியாளர்களைச் சந்திக்கும் பொறுப்பைக் கலாமிடம் கொடுத்தார். தமிழ்நாட்டில் பள்ளி மேடைகளில் இன்றும் சொல்லப்படும் நிகழ்ச்சி இது. கலாமே பல உரைகளில் நினைவுகூர்ந்ததால்தான் நமக்கு இவ்வளவு நெருக்கமாகத் தெரிகிறது. ஆனால் இதை ஒரு தனிமனிதரின் பெருந்தன்மையாக மட்டும் படித்தால், ஆய்வாளர் கவனிக்க வேண்டிய பகுதி விடுபட்டுப் போகும்.

தவன் பழியைத் தன் தோளில் ஏற்றதால் உள்ளே என்ன நடந்தது என்பதே என் கேள்வி. ஏவுதலுக்கு மறுநாளே ஆய்வுக் கூட்டம் கூடியது. கலாம் தமது பொறுப்பை எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். அவர் பதவியில் நீடித்தார், குழுவும் கலையவில்லை. வெளியுலகின் கோபம் ஆய்வு மேசை வரை வந்து சேராததால், கசிந்த வால்வைப் பற்றிப் பொறியாளர்கள் அஞ்சாமல் பேச முடிந்தது. கெட்ட செய்தியைச் சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்ற உறுதி இல்லாத இடத்தில் காரணம் ஒருநாளும் கிடைக்காது. அந்த உறுதியைக் காப்பதே துயரக் காலத்தில் ஒரு தலைவரின் முதல் வேலை. உற்சாகப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனினும் 1979-ஐவிடக் கடுமையான சோதனை ஒன்று பின்னால் வந்தது. அதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

எஸ்.எல்.வி.-3 சுமந்தது சுமார் 40 கிலோ. அடுத்து 150 கிலோவைச் சுமக்க ஏ.எஸ்.எல்.வி. வடிவமைக்கப்பட்டது. பழைய ராக்கெட்டின் இருபுறமும் இரண்டு துணை ராக்கெட்டுகள் பொருத்தப்பட்டன. துணை ராக்கெட்டுகள் முதலில் எரியும். அவை ஓயும் வேளையில் நடுவிலுள்ளது பற்றிக்கொள்ள வேண்டும். 1987 மார்ச் 24 அன்று நடு ராக்கெட் பற்றவே இல்லை. குறைகளைக் களைந்து 1988 ஜூலை 13 அன்று மீண்டும் ஏவினார்கள். இந்த முறை அது பற்றியது. ஆனால் காற்றின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் உயரத்தில் கட்டுப்பாடு போதாமல் ராக்கெட் உடைந்தது.

ஒரு முறை தோற்றால் அனுதாபம் கிடைக்கும். அடுத்தடுத்து இருமுறை தோற்றால் திறமையே கேள்விக்குள்ளாகும். அப்போது தலைவராக இருந்தவர் உ.ரா. ராவ். தவனின் தோளைப் போல ஒருவரின் தோள் மட்டும் இங்கே போதுமானதாக இல்லை. நிறுவனத்தின் உள்ளே தோல்வி ஆய்வுக் குழு அமைந்தது. அதன் முடிவுகளை வெளியிலிருந்த வல்லுநர்களும் பரிசீலித்தார்கள். தாம் செய்ததைத் தாமே மதிப்பிடுவோருக்குத் தெரியாமல் போவது பிறர் கண்ணுக்குத் தெரியும் என்பதை நிறுவனம் ஒப்புக்கொண்ட கட்டம் இது. என் பார்வையில் இந்த வரலாற்றின் திருப்பம் 1980-இன் வெற்றியில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. ஒருவரின் குணமாக இருந்தது நிறுவனத்தின் நடைமுறையாக மாறியது.

கண்டறிந்த உண்மை கசப்பானது. துணை ராக்கெட்டுகள் ஓய்வதற்கும் நடு ராக்கெட் முழு வலுப் பெறுவதற்கும் இடையே, மிக மோசமான நேரத்தில், ராக்கெட்டைப் பிடித்து நிறுத்தும் வலிமை குறைவாக இருந்தது. தனியொரு பாகத்தை மாற்றினால் தீரும் பிழை அன்று அது; வடிவமைப்பின் அடிப்படைக் கணக்கையே திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. துணை ராக்கெட்டின் உந்துவிசை குறைவதைப் பறக்கும்போதே உணர்ந்து, அதற்கேற்ப நடு ராக்கெட்டைப் பற்றவைக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. நிலைத்தன்மைக்காக அடிப்பகுதியில் துடுப்புகள் பொருத்தப்பட்டன. 1992 மே 20 அன்று மூன்றாவது ஏ.எஸ்.எல்.வி. 106 கிலோ செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. இடையில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். ஏவுதல் இல்லாத, கைதட்டல் இல்லாத அந்த ஆண்டுகளில் ஒரு குழுவைச் சிதறாமல் வைத்திருந்ததை நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

பயன் உடனே தெரிந்தது. 1993 செப்டம்பர் 20 அன்று முதல் பி.எஸ்.எல்.வி. தோற்றது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட பெரும் அதிர்வும், அதைச் சமாளிக்க வேண்டிய மென்பொருளில் இருந்த பிழையும் காரணங்கள். எல்லாக் கட்டங்களின் இயந்திரங்களும் சரியாகவே இயங்கியிருந்தன; இரண்டாம் கட்டத்தின் விகாஸ் இயந்திரமும் அவற்றில் ஒன்று. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதித்துத் தேர்ந்தது அது. எது பழுது, எது பழுதில்லை என்பதை நிதானமாகப் பிரித்தறியும் பழக்கம் இப்போது கைவந்திருந்தது. பதின்மூன்று மாதங்களுக்குள், 1994 அக்டோபர் 15 அன்று, அடுத்த பி.எஸ்.எல்.வி. வென்றது.

பிந்தைய கதையை வாசகர்கள் அறிவார்கள். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 தரையிறங்குகலம் நிலவில் மோதியது. தலைவர் சிவன் கண்கலங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 1979-இல் தவனுக்கு வாய்த்த மறைப்பு இனி எந்தத் தலைவருக்கும் இல்லை. அடுத்த பயணத்தின் திட்ட இயக்குநரானார் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். எதெல்லாம் சரியாக நடக்கும் என்று கணக்கிட்டு வடிவமைத்த முறையை மாற்றி, எதெல்லாம் தவறலாம், அப்போதும் எப்படி இறங்குவது என்று குழு கேட்டது. இறங்குமிடம் அரைக் கிலோமீட்டர்ச் சதுரத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் நீளமும் இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் கொண்ட பரப்பாக விரிந்தது. கால்கள் வலுப்பட்டன, எரிபொருள் கூடியது, ஐந்து இயந்திரங்கள் நான்காயின. 2023 ஆகஸ்ட் 23 அன்று கலம் நிலவில் இறங்கியது. 1988-க்குப் பின் கற்ற பாடம் இங்கே வடிவமைப்பின் முதல் படிக்கே வந்துவிட்டது.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. சந்திரயான்-2 பற்றிய முழுமையான தோல்வி ஆய்வறிக்கை பொதுவெளிக்கு வரவில்லை. காரணங்களின் சுருக்கம் பேட்டிகளிலும் நாடாளுமன்றப் பதிலிலும்தான் கிடைக்கிறது. பிழையை ஒளிக்காமல் பேசித்தான் இந்த நிறுவனம் நிமிர்ந்தது. அந்தப் பேச்சில் நம் பொறியியல் மாணவர்களுக்கும் பங்கு உண்டு. பாதுகாப்புக்கு ஊறில்லாத பகுதிகளையாவது விண்வெளித் துறை வெளியிட வேண்டும்.