செங்கல் முற்றமும் ஒரு கொடிக்கம்பமும்

ஒரு புகைப்படத்தின் வழியாகத்தான் இந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம், 1976 ஏப்ரல் 5. கோட்டு போட்ட கறுப்பர் ஒருவரை வெள்ளை இளைஞர்கள் சூழ்ந்திருக்கிறார்கள். ஒருவன் தேசியக் கொடிக்கம்பத்தை ஈட்டி மாதிரி அவரை நோக்கி ஓங்குகிறான். எடுத்தவர் ஸ்டான்லி ஃபோர்மன். அடுத்த வருஷம் புலிட்சர் பரிசும் கிடைத்தது. எல்லோரும் கொடியைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்த இடத்தைப் பற்றித்தான் கேள்வி. அது நகர்மன்ற முற்றம்.

ஸ்காலே சதுக்கம் என்ற பழைய பகுதியை, நகரத்தைப் புதுப்பிக்கிறோம் என்று இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு கிடைத்த இடம் அது. மலிவுக் கடைகள், விடுதிகள், கேளிக்கை அரங்குகள் எல்லாம் போயின. 1962 போட்டியில் கால்மன், மெக்கின்னல் இருவரின் வரைபடம் வென்றது. 1968இல் கட்டடம் எழுந்து நின்றது. பூச்சில்லாத கான்கிரீட். கீழே பொதுமக்கள் வந்துபோகும் பகுதி. நடுவில் மேயர் அறையும் மன்றக் கூடமும் வெளியே துருத்திக்கொண்டு. மேலே அலுவலக அடுக்குகள். முற்றத்துச் செங்கல் தரை அப்படியே கட்டடத்துக்குள் நுழைகிறது. தெருவில் போகிறவர் தடையில்லாமல் அரசாங்கத்துக்குள் நடந்து வரலாம் என்று அதற்குப் பொருள் சொன்னார்கள்.

நடப்பவர் யார்? தெரு என்றாலே இதைக் கேட்டுப் பழகிய நமக்கு இந்தக் கேள்வி புதுசில்லை.

பாஸ்டன் பள்ளிகள் கறுப்பு, வெள்ளை என்று பிரித்தே வைக்கப்பட்டிருக்கின்றன என்று 1974இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளைப் பேருந்தில் மாற்றி அனுப்பிக் கலக்கச் சொன்னது. வெள்ளையர் கொதித்தார்கள். அன்று ஊர்வலம் வந்த வெள்ளை மாணவர்களை மன்றக் கூடத்துக்குள்ளேயே அழைத்து வரவேற்றார்கள். வெளியே வந்தவர்கள் எதிரே கண்டது டெட் லேண்ட்ஸ்மார்க்கை. வழக்கறிஞர். கட்டட ஒப்பந்தங்களில் கறுப்பருக்கும் பங்கு வேண்டும் என்று பேசத்தான் அவர் அதே கட்டடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் மூக்கை உடைத்தார்கள்.

திறந்த முற்றம்தான். கதவும் திறந்துதான் இருந்தது. உள்ளே போய் மரியாதை வாங்கியவர்கள் வேறு, வாசலில் அடி வாங்கியவர் வேறு. இதைக் கான்கிரீட் செய்யவில்லை, மனிதர்கள் செய்தார்கள். ஆனால் வெளியைத் திறந்துவிட்டாலே சமத்துவம் வந்துவிடும் என்று நம்பிய கட்டடக்கலைக்கு அன்று பதில் கிடைத்தது.

லேண்ட்ஸ்மார்க் ஒதுங்கிவிடவில்லை. 1997 முதல் 2014 வரை பாஸ்டன் கட்டடக்கலைக் கல்லூரிக்கே தலைவராக இருந்தார். விற்றுவிடலாம் என்று 2006இல் மேயரே சொன்ன நகர்மன்றத்தை, 2025இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். பாதுகாக்கட்டும். கட்டியவர்கள் பெயரை எழுதும் இடத்தில், அந்த வாசலில் சிந்திய ரத்தத்தையும் எழுத வேண்டும். அதுவும் அந்தக் கட்டடத்தின் வரலாறுதான்.