இல்லம் தேடிச் சென்ற பணிவிடை

1617ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரான்சு நாட்டின் சாத்தியோன் என்னும் சிற்றூரில் பங்குக் குருவாயிருந்த வின்சென்ட் தே பவுல் திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் அனைவரும் நோயுற்றுக் கிடக்கின்றனர், பணிவிடை செய்ய ஒருவருமில்லை என்ற செய்தி அப்போது அவரை எட்டியது. மறையுரையில் அதனை உருக்கமுடன் எடுத்துரைத்தார். பிற்பகலில் அவ்வீட்டை நோக்கி அவர் நடந்தபோது, பெண்கள் கூட்டங்கூட்டமாய் உணவு எடுத்துச் செல்வதையும், கொடுத்துவிட்டுத் திரும்புவதையும் வழியெங்கும் கண்டார்.

வேறொருவராயின் உள்ளம் பூரித்து, இறைவனுக்கு நன்றி கூறியதோடு அமைந்திருப்பார். வின்சென்ட் இன்னொன்றையும் கண்டார். இன்று குவிந்த உணவு நாளை கெட்டுப்போகும். அடுத்த வாரம் அவ்வீட்டார் மீண்டும் பசித்துக் கிடப்பர். அன்புக்கு அங்கே குறைவில்லை; ஒழுங்குக்கே குறைவு. சில நாள்களுக்குள் பெண்கள் சிலரை ஒன்றுகூட்டினார். அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் அவர்களது அன்புச் சபை முறைப்படி நிறுவப்பெற்றது.

அச்சபைக்கு அவர் வகுத்த ஒழுங்குவிதி ஏழை நோயாளருக்காக எழுதப்பட்டது. எனினும், முதியோரை வீட்டிலேயே பேணும் எவரும் அதில் கற்றுக்கொள்ளப் பல உண்டு. பெண்கள் முறைவைத்து நாளுக்கு ஒருவராய்ப் பணிபுரிய வேண்டும். வரவு செலவுக்குக் கணக்கு இருக்க வேண்டும். உணவு கொண்டு செல்பவர் முகமலர்ச்சியுடன் நோயாளியை வாழ்த்தி, படுக்கையருகே துணி விரித்து, கை கழுவச் செய்து, செபம் சொல்லி, இறைச்சியை நறுக்கிக் கொடுத்து, உண்ணுமாறு கனிவுடன் தூண்ட வேண்டும். துணைக்கு ஆள் உள்ளவர்களிடம் முதலில் செல்ல வேண்டும்; தனித்திருப்போரிடம் இறுதியில் செல்ல வேண்டும். அவர்களோடு நெடுநேரம் தங்குவதற்காகவே இந்த வரிசை! தனிமையும் ஒரு நோய் என்பதை அறிந்த ஒருவரே இப்படி எழுத முடியும்.

ஆனால், நல்ல விதி மட்டும் நல்ல பணிவிடையாகிவிடாது. சபை பாரிசு நகருக்குப் பரவியபோது இது வெளிப்பட்டது. உயர்குடிப் பெண்கள் பொருளுதவி செய்யத் தயங்கவில்லை. ஏழையின் இருண்ட அறைக்குள் நுழைந்து அழுக்குத் துணியைத் தொடுவதற்கோ தயங்கினர். தங்களுக்குப் பதிலாக வேலைக்காரிகளை அனுப்பினர். பயிற்சியும் மனமும் இல்லாத கைகளால் பணியின் தரம் தாழ்ந்தது.

அந்நிலையில் முன்வந்தவர் மார்கரெட் நாசோ என்னும் சிற்றூர்ப் பெண். மாடு மேய்த்துக்கொண்டே எழுத்துக் கற்றவர் அவர். நோயாளருக்குப் பணிசெய்யத் தம்மையே அளித்த அவர், கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணுக்குத் தம் படுக்கையில் இடமளித்து, அந்நோயாலேயே 1633இல் உயிர்நீத்தார். அவரைப் போன்ற எளிய பெண்களைத் தம் இல்லத்தில் சேர்த்துப் பயிற்றுவித்தவர் லூயிஸ் தே மரியாக். அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள் தோன்றிய அக்குழுவே பின்னாளில் பிறரன்புப் புதல்வியர் சபையாக வளர்ந்தது. அதற்கு முன்னரே, 1629 முதல், ஊர் ஊராகச் சென்று அன்புச் சபைகளைப் பார்வையிட்டவர் லூயிஸ். ஏழைகள் முறையாகக் கவனிக்கப்படுகின்றனரா, கணக்குகள் சரியாக உள்ளனவா என்று கேட்டறிந்தார். அன்பின் பெயரால் நடப்பதும் ஆராயப்பட வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை.

இதே பாடத்தை இரு நூற்றாண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தும் கற்றது. லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், தம் மனைவியின் இறுதி நாள்களில் அவரைப் பேணிய செவிலியையே 1859இல் ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். அங்குக் கண்ட துயரைத் தாங்காமல் அப்பெண் ஒரு மாதத்தில் விலக விரும்பினார். ஆயினும், ஊக்கம் பெற்றுத் தொடர்ந்தார். பணி விரிவடைய வேண்டுமானால் பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும் என்பதால், புளோரன்சு நைட்டிங்கேலின் அறிவுரைப்படி அந்நகரிலேயே பயிற்சிப் பள்ளி எழுந்தது. நகரம் 18 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது.

இவற்றை நாம் ஏன் நினைவுகூர வேண்டும்? இன்று நம் குடும்பங்களில் பிள்ளைகள் தொலைவில் இருக்கின்றனர். தாயைக் கவனிக்கக் கூலிக்கு ஒருவரை அமர்த்தி, மாதந்தோறும் பணம் அனுப்பிவிட்டு, கடமை முடிந்ததென்று எண்ணுகிறோம். வந்திருப்பவர் என்ன கற்றிருக்கிறார்? படுத்தபடுக்கையானவரை இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிடில் புண் வருமென்பதை அறிவாரா? காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் மாறிப்போகாமல் யார் பார்ப்பது? குளியலறைத் தரையின் ஈரம் ஓர் இடுப்பெலும்பை முறிக்கப் போதுமன்றோ! பணிபுரிபவர்மீது பழிபோடுவதும் முறையன்று. உரிய ஊதியமும் ஓய்வும் பயிற்சியும் தராமல் அவரிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நீதியாகுமா?

நம் பங்குகள் பலவற்றில் வின்சென்ட் தே பவுல் சபையினர் இல்லம் சந்திக்கின்றனர். அரிசியும் மருந்துப் பணமும் தருவதோடு, அம்முதியவரைத் தனியே அமர்ந்து கேட்கவும் அவர்களால் இயலும்: "நேற்று யார் உங்களைக் குளிப்பாட்டினார்கள்? அன்பாக நடந்துகொள்கிறார்களா?" வீட்டார் முன்னிலையில் வராத விடை அப்போது வரக்கூடும்.

சாத்தியோன் பாதையில் அன்று உணவுடன் நடந்தவர்கள் அனைவரும் நல்லவர்களே. அவர்களுடைய நன்மை ஒரே நாளில் தீர்ந்துவிடக் கூடாதே என்பதுதான் வின்சென்டின் கவலை. நம் வீட்டுத் திண்ணையிலும் ஒருவர் காத்திருக்கிறார். அவரிடம் கடைசியாகச் செல்வோம். புறப்பட அவசரமின்றி உட்காருவோம்.