உங்கப்பன் வீட்டு ரோடு

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவன் காதில் விழும் வசவுகளை நான் வகை பிரித்து வைத்திருக்கிறேன். முப்பத்தைந்து வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவனுக்கு அது தொழில் புத்தி. அச்சில் ஏற்ற முடியாதவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மூன்று. "வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்பது ஒன்று. "சாவுகிராக்கி" என்பது இரண்டு. "ரோடு இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?" என்பது மூன்று. மற்றவை எல்லாம் இந்த மூன்றின் திருத்திய பதிப்புகள்தான்.

முதல் வசவை வாங்கியது 1979இல், மெட்ராஸுக்கு வந்த முதல் வாரத்தில். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்த 22 இஞ்ச் ஹெர்குலிஸ் என் வண்டி. பெரம்பூரில் அறை, ராயப்பேட்டையில் அச்சகம். புரசைவாக்கம், எழும்பூர், மவுண்ட் ரோடு என்று காலையில் ஒரு மிதி, இரவில் ஒரு மிதி. மவுண்ட் ரோட்டில் ஒரு பஸ்ஸின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு போனேன். டிரைவர் தலையை நீட்டி, வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்டார். ஊர் விட்டு ஊர் வந்தவனிடம் இத்தனை அக்கறையாக விசாரிக்கிறாரே என்று, "சொல்லிட்டுத்தாங்க வந்தேன்" என்றேன். பக்கத்தில் மிதித்துக்கொண்டு போனவர் சிரித்த சிரிப்பில் அவர் கேரியரில் இருந்த டிபன் பாக்ஸ் ஆடியது.

அன்றைக்கு ரோட்டில் நான் ஒருவனாக இல்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தால் முன்வரிசை முழுக்க சைக்கிள். கேரியரில் டிபன் பாக்ஸ், ஹேண்டில் பாரில் மஞ்சப்பை. குமாஸ்தா, கம்பாசிட்டர், பால்காரர், தையல்காரர், பேப்பர் பையன் எல்லோரும் அந்த வரிசையில் நிற்பார்கள். பஸ் டிரைவரும் டியூட்டி முடிந்தால் சைக்கிளில்தான் வீட்டுக்குப் போவார். அதனால் திட்டு இருக்கும், வன்மம் இருக்காது. திட்டியவரை மறுநாள் அதே டீக்கடையில் பார்க்கலாம்.

இரண்டாவது வசவு எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆனது. கிராக்கி என்றால் எங்கள் ஊரில் தட்டுப்பாடு, விலையேற்றம். அரசு ஊழியர்களின் அகவிலைப்படியைக் கிராக்கிப்படி என்றுதான் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தோம். சாவுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டதா என்ன என்று குழம்பினேன். அச்சகத்து வாசலில் டீக்கடை வைத்திருந்தவர்தான் விளக்கினார். "சார், கிராக்கின்னா சவாரிக்கு வர்ற ஆளு. ரிக்‌ஷாக்காரன் பாஷை. நீ சாவோட கிராக்கி. அது உனக்கோசரம் வண்டி கட்டிக்கினு நிக்குதுன்னு அர்த்தம்." வாடிக்கையாளரைக் குறிக்கும் வடக்கத்திச் சொல் ஒன்று மெட்ராஸ் ரிக்‌ஷா ஸ்டாண்டில் உருண்டு உருண்டு இப்படி ஆகியிருக்கிறது.

அந்த ஸ்டாண்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1895இல் மெட்ராஸில் ஓடத் தொடங்கிய டிராம் 1953இல் நின்றுபோனது. தண்டவாளம் போனபின் குறுக்குச் சந்துகளுக்குள் ஆளையும் மூட்டையையும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரும்பங்கு ரிக்‌ஷாவுக்கு. மனிதனை மனிதன் கையால் இழுக்கும் ரிக்‌ஷாவைத் தமிழக அரசு 1973இல் ஒழித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் எம்.ஜி.ஆர். மிதித்தது சைக்கிள் ரிக்‌ஷா. ஆக, சாவுகிராக்கி என்று என்னைத் திட்டிய முதல் தலைமுறையும் பெடல் மிதித்த தலைமுறைதான். பிறகு அந்தக் கால்கள் ஆட்டோவுக்கு மாறின, பிள்ளைகளின் கைகள் கார் ஸ்டியரிங்குக்கு மாறின. வசவு மட்டும் மாறாமல் ஏ.சி. போட்ட காரின் கண்ணாடி இறங்கும்போது உள்ளேயிருந்து வருகிறது. கேட்கும்போது எனக்குக் கோபத்தைவிட, பழைய ஆளைப் பார்த்த ஞாபகமே முதலில் வரும்.

மூன்றாவது வசவுக்குத்தான் அப்பாவைச் சொல்லியாக வேண்டும்.

காஞ்சிபுரத்தில் என் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மொத்தம் 22 வண்டி. பெரியவர்களுக்கு முழு வண்டி 15, பையன்களுக்கு முக்கால் வண்டியும் அரை வண்டியுமாக ஏழு. ஒவ்வொரு மட்கார்டிலும் வெள்ளை பெயின்ட்டில் நம்பர். மணிக்கு 15 பைசா. பெயர், வண்டி நம்பர், எடுத்த நேரம் மூன்றையும் நீள நோட்டில் எழுதிவிட்டுத்தான் பூட்டைத் திறப்பார். முழு வண்டியில் கால் எட்டாத பையன்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டு போவார்கள். வைகாசி கருட சேவையன்று கடையில் ஒரு வண்டி நிற்காது. மறுநாள் காலையில் நானும் அப்பாவும் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுவோம், ரிம் பெண்டு எடுப்போம், உடைந்த ஸ்போக்ஸ் மாற்றுவோம்.

அப்போது சைக்கிளுக்கு வரி உண்டு. வருஷா வருஷம் கட்ட வேண்டும். கட்டினால் ஒரு தகரப் பில்லை தருவார்கள். அதில் வருடமும் நம்பரும் குத்தியிருக்கும். ஹேண்டில் பார் தண்டில் கம்பி போட்டுக் கட்டிவிட வேண்டும். திடீரென்று ஒருநாள் பில் கலெக்டர் முக்கு ரோட்டில் நின்றுகொண்டு மறிப்பார். பில்லை இல்லாத வண்டி அப்படியே ஆபீசுக்குப் போய்விடும். இரவில் விளக்கில்லாமல் போனாலும், பின்னால் ஆள் ஏற்றி டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் பிடிப்பார். கேஸ் எழுத சோம்பல் வந்தால் வால்டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டுவிடுவார். டைனமோ வாங்க வக்கில்லாதவர்கள் காகிதக் கூம்புக்குள் மெழுகுவர்த்தி ஏற்றிப் பிடித்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

எரிச்சலான காரியங்கள்தான். ஆனால் இந்த மிரட்டல்களுக்கு அடியில் ஒரு மரியாதை இருந்தது இப்போதுதான் தெரிகிறது. வரி, விளக்கு, மணி, பிரேக் என்று கேட்டது, சைக்கிளும் ரோட்டில் ஒரு வண்டி என்று ஒப்புக்கொண்டதால். நான் மெட்ராஸுக்கு வந்து சில வருடங்களில் என்னை யாரும் மறிப்பதை விட்டுவிட்டார்கள். விடுதலை என்று நினைத்தேன். கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்பது புரிய நாளானது.

ரோடு யார் அப்பன் வீட்டுது என்ற கேள்விக்குப் பதில் தேடிக் கொஞ்சம் தூரம் போனேன். ஜெர்மனியில் மான்ஹைம் என்று ஒரு நகரம். 1817இல் கார்ல் டிரைஸ் என்பவர் அங்கே இரண்டு சக்கரங்களை ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி, தரையைக் காலால் உந்தி ஓட்டிக் காட்டினார். அதே வருடம் முடிவதற்குள் அந்த வண்டியை நடைபாதையில் ஓட்டக்கூடாது என்று அந்த ஊரில் உத்தரவு வந்துவிட்டது. சைக்கிளுக்குப் பெடல் வருவதற்கு முன்பே தடை வந்துவிட்டது என்று இதைப் படிக்கலாம்.

பிரிட்டனில் 1886இல் இரண்டு சைக்கிள் சங்கங்கள் சேர்ந்து, குண்டும் குழியுமான ரோடுகளைச் சீர்செய்யக் கோரி ஒரு அமைப்பைத் தொடங்கின. இரண்டு வருடம் கழித்து அங்கே வந்த சட்டம் சைக்கிளையும் வண்டி என்று அறிவித்தது. கூடவே, ஆளைத் தாண்டிப் போகுமுன் மணியடித்தோ வேறு ஒலி எழுப்பியோ எச்சரித்தாக வேண்டும் என்றும் சொன்னது. அதே 1888இல்தான் பெல்ஃபாஸ்ட்டில் டன்லப் என்பவர், தன் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவிலும் நல்ல ரோடு வேண்டும் என்று முதலில் கிளம்பிய கூட்டத்தில் சைக்கிள்காரர்களே முன்வரிசை. காருக்கு ரோடு கேட்க அன்றைக்குக் கார்க்காரர் என்று யாரும் இல்லை.

ஏனென்றால் கார் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. எங்கே என்றால், அதே மான்ஹைமில். கார்ல் பென்ஸ் 1883இல் அங்கே கம்பெனி தொடங்கியபோது கூட்டுச் சேர்ந்த இருவர் சைக்கிள் கடை நடத்தியவர்கள். 1886 ஜனவரியில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரம். மூன்றிலும் கம்பி ஸ்போக்ஸ். பின்சக்கரத்தைச் சுற்ற வைத்தது செயின். அதன் படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "டேய், இது நம்ம கடை வண்டிடா. எவனோ இஞ்சின் வெச்சிருக்கான்" என்றார்.

கார்க்காரருக்கும் சைக்கிள்காரருக்கும் நடப்பது அன்னியர் சண்டை இல்லை, பங்காளிச் சண்டை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. பங்காளிச் சண்டையில்தானே "உங்கப்பன் வீட்டு சொத்தா" என்ற கேள்வியே எழும். பாகம் பிரிக்கும்போது வசதி வந்த பங்காளி ஆற்றோர நிலத்தை அளந்து எடுத்துக்கொள்வான், மற்றவனுக்கு மேட்டுக்காடு. மெட்ராஸில் பாகம் பிரிந்தது என் கண்ணெதிரே. 1973இல் திறந்த ஜெமினி மேம்பாலத்தில் நான் ஏறும்போதெல்லாம் தேர் இழுப்பதுபோல் மூச்சு வாங்கும், பின்னால் ஹாரன் தள்ளும். 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. 1983 கடைசியில் மாருதி வந்தது. எங்கள் கடை வண்டிகள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின. கடைசி வண்டி நம்பர் 9. சிக்னலில் முன்வரிசையில் நின்ற சைக்கிள்கள் பின்வரிசைக்குப் போய், பிறகு ரோட்டோரச் சாக்கடை மூடிமேல் ஏறிக்கொண்டன. கொல்கத்தாவில் இன்னும் ஒருபடி மேலே போய், பல முக்கிய ரோடுகளில் சைக்கிளே வரக்கூடாது என்று காவல்துறை தடை போட்டது.

சைக்கிள் பக்கமும் சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அவர்கள் வாங்கிய வசவோடு ஒப்பிட்டால் என்னுடையது தாலாட்டு. பதில் பேசாமல் மறுநாள் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லா சைக்கிள் கொடுத்தது. 2014இல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் தரும் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. கொள்கை ஃபைலில் இருக்கிறது. நான் இன்னும் சாக்கடை மூடிமேல்தான் இருக்கிறேன்.

ஆகவே அப்பா சொல்லிக்கொடுத்ததை வைத்துத்தான் ஓட்டுகிறேன். நிற்கிற காரிலிருந்து ஒரு கதவு நீளம் தள்ளிப் போ. திரும்பும் முன் கையை நீட்டு, நீட்டிவிட்டு டிரைவர் கண்ணைப் பார். வண்டியை மறந்தாலும் ஒரு முகத்தை மறப்பது கஷ்டம். திட்டினால் வாயைத் திறக்காதே, மணியை அடி.

போன மாதம் அப்பாவின் அந்த மூன்றாவது பாடத்தை மீறிவிட்டேன். ராயப்பேட்டை மணிக்கூண்டு சிக்னலில் ஒரு வாடகைக் கார் பின்சக்கரத்தை உரசிக்கொண்டு வந்து நின்றது. பேரன் வயசுப் பையன். "பெருசு, ரோடு இன்னா உங்கப்பன் வூட்டு சொத்தா?" என்றான்.

"ஆமாம்பா. வருஷா வருஷம் வரி கட்டிப் பில்லை வாங்கியிருக்காரு" என்றேன்.

கோபத்தை விட்டுவிட்டு, "இன்னா பில்லை?" என்றான். உண்மையாகவே கேட்டான். பச்சை விழுந்துவிட்டது. பின்னாலிருந்த லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று அவனைக் கேட்டார். பையன் கிளம்பிப் போனான்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் தகர டப்பாவைத் திறந்தேன். வரி கட்டிய கடைசி வருடத்துப் பில்லைகளை ஒரே கம்பியில் கோத்து வைத்திருந்தார். எண்ணினேன். பதினான்கு. 22 வண்டிக்கு 14 பில்லை. பில் கலெக்டர் வரும் தகவல் கிடைத்ததும் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குக் கம்பியை அவிழ்த்து மாட்ட அப்பா என்னை ஓடவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பையனை மறுபடி பார்த்தால் திருத்திச் சொல்ல வேண்டும். ரோடு முழுக்க எங்கள் அப்பன் வீட்டுது இல்லை தம்பி. இருபத்திரண்டில் பதினான்கு பங்குதான்.