புரத்துக்கு, புரக்கெ

பெங்களூர் மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில், சம்பிகே ரோடு நிலையத்தை அடுத்து வடக்கே வரும் நிலையம் ஸ்ரீராம்புர. 2014 முதல் ரயில் நிற்கிறது. கன்னடத்தில் பெயர் அவ்வளவுதான், ஈற்றில் மெய் கிடையாது. அந்தப் பேட்டையில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு அது ஸ்ரீராம்புரம். மகர மெய் ஒன்றுதானே கூடுதல் என்று தோன்றும். பெயருக்குப் பின்னால் உருபு வந்து ஒட்டும்போதுதான் அந்த மெய் செய்கிற வேலை தெரியும்.

பஸ் கண்டக்டரிடம் "ஸ்ரீராம்புரக்கெ ஹோகுத்தா?" என்று கேட்கிற பெண், திரும்பி, "ஸ்ரீராம்புரத்துக்குப் போவுதாம் அத்தை, ஏறுங்க" என்பார். புரம் என்பதன் மகரம் கெட்டு, நடுவில் 'அத்து' என்ற சாரியை நுழைந்து, கடைசியில் 'கு' சேர்ந்திருக்கிறது. கன்னடத்தில் 'புர'வோடு 'க்கெ' நேராக ஒட்டிக்கொண்டது. ஆனால் புரத்தில் என்பதற்கு அவர்கள் 'புரதல்லி' என்பார்கள். நம் அத்து செய்கிற வேலையை அங்கே அந்தத் தகரம் செய்கிறது. இன்னொன்றும் உண்டு. ஹளெகன்னடத்தில், அதாவது பழங்கன்னடத்தில், இத்தகைய பெயர்கள் எழுவாயாக வரும்போது 'மரம்', 'புரம்' என்று மகர ஈற்றோடுதான் நின்றன. அதனால் ஸ்ரீராம்புரம் என்று சொல்கிறவர் பழங்கன்னடத்துக்கு அந்நியரில்லை.

பெயரின் வடிவத்தை இப்படி மாற்றி, வினையோடு அதற்குள்ள உறவைக் காட்டும் ஏற்பாட்டுக்குத் தமிழிலக்கணம் வைத்த பேர் வேற்றுமை. வேறு என்பதிலிருந்து பிறந்த சொல். பெயரின் பொருளை வேறுபடுத்துவது என்பார்கள். வடமொழியில் இது விபக்தி, அதாவது பிரிப்பு. கன்னட இலக்கணமும் அதையே எடுத்துக்கொண்டது. கிரேக்கர் 'ப்டோசிஸ்' என்றனர், விழுதல் என்று பொருள். லத்தீனில் அதுவே 'காசுஸ்' ஆகி, ஆங்கிலத்தின் 'கேஸ்' வரை வந்தது. நிமிர்ந்து நிற்கும் பெயர் ஒவ்வொரு உறவுக்கும் ஒவ்வொரு பக்கமாகச் சாய்கிறது என்பது அவர்கள் கற்பனை. அப்படியானால் நிமிர்ந்தே நிற்கிற எழுவாயும் ஒரு விழுதலா என்று அரிஸ்டாட்டில் வழியினரும் ஸ்டோயிக்குகளும் சண்டையிட்டார்கள். எந்த உருபும் ஏற்காத எழுவாயை நாம் எப்படி முதல் வேற்றுமை என்கிறோம் என்று நம் வகுப்பறைகளில் யாராவது கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான்.

தொல்காப்பியர் வேற்றுமை ஏழு என்று சொல்லி, அடுத்த நூற்பாவிலேயே விளியையும் சேர்த்து எட்டு என்கிறார். ஐ, ஒடு, கு, இன், அது, கண் என்று உருபுகளாலேயே பெயரிட்டது தமிழுக்குப் பொருந்தும் முறை. ஆனால் வரிசை அச்சு அசலாக வடமொழியின் வரிசை. 11ஆம் நூற்றாண்டில் வீரசோழியம், வினையோடு பெயருக்குள்ள உறவுகளை வகுக்கும் வடமொழியின் காரகக் கோட்பாட்டையே தமிழுக்குள் கொண்டுவந்தது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், எட்டு என்ற இந்தக் கணக்கு வடமொழியைப் பார்த்து அமைத்தது, நம் மொழிகளுக்கு அப்படி ஓர் எல்லை கட்ட முடியாது என்று வாதிட்டார். மற்றவற்றில் அவரோடு சண்டை பிடிக்கலாம், இதில் அவர் பக்கம்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

சாட்சி ஐந்தாம் வேற்றுமை. ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகள் கன்னடப் பாடத்தில் ஒப்பிக்கும் விபக்தி அட்டவணையில் மூன்றாவதற்கு 'இந்த', ஐந்தாவதற்கு 'தெஸெயிந்த'. திசையிலிருந்து என்று பொருள். பேச்சில் இரண்டுக்கும் 'இந்த' ஒன்றே போதும். 'ஊரிந்த பந்தெ' என்றால் ஊரிலிருந்து வந்தேன். 13ஆம் நூற்றாண்டில் கேசிராஜர் எழுதிய சப்தமணிதர்ப்பணத்திலும் மூன்றாவது 'இம்', ஐந்தாவது 'அத்தணிம்'. மூன்றாவதன் உருபு ஐந்தாவதன் வாலில் அன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது. வடமொழி அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. இருந்ததை நீட்டி நிரப்பிவிட்டார்கள்.

நாம் சிரிக்க வழியில்லை. நம் ஐந்தாம் வேற்றுமை உருபான 'இன்', இன்று பெரும்பாலும் ஆறாவதன் வேலையைப் பார்க்கிறது: ஊரின் பெயர், கடையின் முதலாளி. நீங்கல் பொருளுக்கு வாய் தேடிக்கொண்டது 'இலிருந்து'. ஏழாம் வேற்றுமை 'இல்', கூடவே 'இரு' என்ற வினையின் எச்சம். பாடநூல்கள் அதைச் சொல்லுருபு என்று ஓரத்தில் உட்கார வைக்கின்றன. தெருவில் அதுதான் முதலாளி.

தொல்காப்பியருக்கு இந்தக் கசிவு தெரியாமலில்லை. வேற்றுமையியலை அடுத்து வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலையே வைத்தார். உருபு ஒன்றன் இடத்தில் ஒன்று வருவதுதான் அதன் பேச்சு. எட்டு என்ற எண்ணை மனப்பாடம் செய்ய வைக்கிற நாம் அந்த இயலை ஏனோ அதிகம் திறப்பதில்லை.

ஆடாமல் நிற்பது நான்காவது. தமிழில் 'எனக்குத் தெரியும்', கன்னடத்தில் 'நனகெ கொத்து', தெலுங்கில் 'நாக்கு தெலுசு', மலையாளத்தில் 'எனிக்கு அறியாம்'. நான்கிலும் தெரிந்தவன் எழுவாயாக நிற்கவில்லை, குவ்வுருபு ஏற்றே நிற்கிறான். பசி, தாகம், பிடித்தம், வலி எல்லாம் இப்படியே. நான்காவதன் பொருள் எதையும் ஏற்பது என்கிறது பழைய இலக்கணம். அறிவும் பசியும் நம்மிடம் வந்து சேர்பவை என்றால் இந்த அமைப்பு சரியாகவே பொருந்துகிறது. இந்த வாக்கிய அமைப்பு வடஇந்திய மொழிகளிலும் உண்டு, இந்தியில் 'முஜே மாலூம் ஹை' என்பதைப் போல. உருபும் அமைப்பும் சேர்ந்தே பொதுவாக இருப்பது நம் குடும்பத்தில்.

பெங்களூரில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மாணவருக்கு இரண்டு அட்டவணைகள் ஏற்கெனவே வாயில் இருக்கின்றன. புரத்துக்கு, புரக்கெ இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி நான்காவதிலிருந்து தொடங்குங்கள். ஐந்தாவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.