கறுப்பு வெள்ளைத் திரையில் தோன்றாத நிறங்கள்

பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான வட்டத்தட்டின் வெள்ளைப் பகுதியில் சில கறுப்பு வில்கோடுகளை வரைந்து, வினாடிக்கு ஐந்து முதல் பத்துச் சுற்று வேகத்தில் சுழற்றினால், அக்கோடுகள் மங்கிய சிவப்பாகவும் பச்சையாகவும் நீலமாகவும் தெரியும். சுழலும் திசையை மாற்றினால் நிறவரிசையும் தலைகீழாகும். ஜெர்மானிய அறிஞர் ஃபெக்னர் 1838இல் விவரித்த இவ்விளைவை இங்கிலாந்தின் சார்லஸ் பென்ஹாம் 1894இல் விளையாட்டுப் பம்பரமாக்கியதால், அது அவர் பெயரையே பெற்றுவிட்டது. நிறம் உணரும் மூவகைக் கூம்புச் செல்களும், விட்டுவிட்டு வரும் ஒளிக்கு ஒரே கதியில் எழுந்து அடங்குவதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. முழு விளக்கம் இன்னும் முடிவாகவில்லை.

மவுண்ட் ரோட்டில் 1913இல் எலெக்ட்ரிக் தியேட்டர் எழுந்தது முதல், மயிலாப்பூர் காமதேனுவிலும் தியாகராய நகர் ராஜகுமாரியிலும் கூட்டம் நிறைந்த காலம் வரை, சென்னை பார்த்த படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைதான்; அவையும் மினுங்கும் ஒளியே என்றாலும் இந்த நிறங்களைத் தரவில்லை. பேசும் படச்சுருள் வினாடிக்கு 24 சட்டங்களாக ஓட, விளக்கின் ஒளியை இடையிடையே மறைக்கும் ஷட்டர் தகடு ஒவ்வொரு சட்டத்தையும் இருமுறை காட்டியதால், திரையில் வினாடிக்கு 48 முறை ஒளி விழுந்தது. கண்ணுக்கு அது ஏறக்குறையத் தொடர்ந்த வெளிச்சம். அதைவிட முக்கியமானது, திரை முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டு ஒளிர்ந்தது என்பதாகும். பம்பரத்திலோ, கறுப்புப் பாதி கடந்தபின் ஒவ்வொரு கோடும் வெவ்வேறு கணத்தில் கண்ணுக்குப் படுகிறது, நிறம் பிறப்பது அந்தக் கால வேறுபாட்டில்தான். ரசிகரின் கண் வலிக்காதிருக்க மினுக்கலை ஒழிப்பதே திரையரங்கத் தொழிலின் கவலையாக இருந்தது. நிறம் வேண்டியபோது அத்தொழில் 1956இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்துக்குச் செய்ததுபோல் கேவாகலர் படச்சுருளையே நாடியது.

மினுக்கலையே கருவியாக்க முயன்றவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் பட்டர்ஃபீல்ட். 1960களின் பிற்பகுதியில் ஒரு குளிர்பான விளம்பரத்தை இம்முறையில் சாதாரணக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் நிறத்தோடு தோன்றச் செய்தார் என்றாலும், நிறம் வெளிறியும் படம் துடித்தும் ஆளுக்கொரு விதமாகத் தெரிந்தும் போனதால் முயற்சி நிலைக்கவில்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று கறுப்பு வெள்ளையில் தொடங்கியபோது, வீடுகள் கண்ட வழி இன்னும் எளியது: மேலே நீலமும் கீழே பச்சையும் தீட்டிய பிளாஸ்டிக் தாளைத் திரைமேல் மாட்டினார்கள். இயற்கைக் காட்சிக்கு அது பொருந்தியது. செய்தி வாசிப்பவருக்கோ நெற்றி நீலமாகவும் தாடை பச்சையாகவும் ஆயிற்று.